ஸ்பிரிங் பிரேக் முடிந்து பள்ளி திறக்கும் வாரம்: செல்போன் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸில் பெரும்பாலான பள்ளிகளுக்கு மார்ச் நடுவில் ஒரு வாரம் ஸ்பிரிங் பிரேக், அதாவது வசந்தகால விடுமுறை. முன்னும் பின்னும் உள்ள சனி, ஞாயிறைச் சேர்த்தால் 9 நாள். பள்ளி நேரத்தில் போனைத் தொடாமலிருக்க ஆகஸ்டிலிருந்து ஏழு மாதம் பாடுபட்டு உண்டாக்கிய பழக்கம் கலைவதற்கு அந்த 9 நாள் போதும். காலையில் கண் விழித்ததும் போன், சாப்பிடும்போது போன், நள்ளிரவு தாண்டியும் போன் என்று இருந்த பிள்ளை திங்கட்கிழமை வகுப்பில் வந்து உட்காரும்போது அதன் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகிறது.

இதைக் கிறிஸ்துமஸ் விடுமுறையைப் போல எடுத்துக்கொள்ள முடியாது. ஜனவரியில் ஒரு வாரம் தடுமாறினால் ஈடுகட்ட நாள் இருக்கிறது. மார்ச் முடிவில் இல்லை. ஏப்ரலில் மாநில அரசின் ஸ்டார் தேர்வுகள், மே முதல் இரண்டு வாரங்களில் ஏபி எனப்படும் கல்லூரி நிலைப் பாடத் தேர்வுகள், மே கடைசியில் பள்ளியே முடிந்துவிடும். இந்த இடைவெளியில் பிள்ளைகள் செய்யும் தவறுகளைவிடப் பெரியவர்கள் செய்யும் தவறுகள்தான் அதிகச் சேதம் செய்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். ஆசிரியர், பிரின்சிபால், பெற்றோர் என்று எல்லோரும் ஒரே மாதிரி நடந்தால் பிள்ளைகள் இரண்டு மூன்று நாளில் பழைய நிலைக்கு வந்துவிடுவார்கள்.

ஞாயிறு இரவு வரை காத்திருப்பது

முதல் தவறு வீட்டில் நடக்கிறது. விடுமுறை முழுக்க இரவு ஒரு மணிக்குத் தூங்கிய பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது. போர்வைக்குள் போன்தான் வரும். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும், 6 முதல் 12 வயதுக்காரர்களுக்கு 9 முதல் 12 மணி நேரமும் தேவை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். போதாததற்கு மார்ச் இரண்டாம் ஞாயிறு, கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுகிறோம். பல ஊர்களில் அது விடுமுறையை ஒட்டியே வருகிறது. பழைய ஏழு மணி இப்போது எட்டு மணி. பிள்ளையின் உடம்புக்கு அது இன்னும் தெரியாது.

வியாழன், வெள்ளியிலேயே படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீக்கிரமாக்குங்கள். போனை இரவில் சமையலறையிலோ ஹாலிலோ சார்ஜில் போடும் வழக்கத்தை அன்றே தொடங்குங்கள், உங்கள் போனையும் சேர்த்து. விடுமுறையில் புதிதாக இறக்கிய விளையாட்டுகள், சேர்ந்த குரூப்கள் எவை என்று பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்து, பள்ளி நேரத்தில் அவற்றின் நோட்டிபிகேஷனை அணைத்துவிடுங்கள். பிள்ளைகளின் ஊடகப் பழக்கத்தை ஆராயும் காமன் சென்ஸ் மீடியா அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வில் 11 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளின் போன்களைக் கவனித்தார்கள். பாதிப் பேருக்கு ஒரு நாளைக்கு 237 அல்லது அதற்கு மேல் நோட்டிபிகேஷன் வந்தது. அதில் கிட்டத்தட்ட கால்வாசி பள்ளி நேரத்தில். மனவுறுதியை மட்டும் நம்பி இதை எந்தப் பிள்ளையாலும் சமாளிக்க முடியாது.

"விதிதான் தெரியுமே" என்று விட்டுவிடுவது

பள்ளியில் நடக்கும் தவறுகளிலேயே விலை அதிகம் இதற்குத்தான். ஆகஸ்டில் சொல்லியாயிற்று, சுவரில் ஒட்டியாயிற்று, பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று, மறுபடி எதற்கு என்று தோன்றும். கூடவே ஒரு இரக்கமும் வரும்: "பாவம், முதல் நாள்தானே, இன்றைக்கு மட்டும் விட்டுவிடுவோம்." அந்த ஒரு நாளில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது, விதி தளர்ந்துவிட்டது என்பதைத்தான். செவ்வாய்க்கிழமை கண்டிப்பு காட்டினால், நேற்று இல்லாத விதி இன்று எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது.

திங்கட்கிழமை முதல் பீரியடில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். உபதேசம் வேண்டாம். போன் எங்கே போக வேண்டும், எப்போது, அணைத்தா அல்லது சைலன்டிலா, ஸ்மார்ட்வாட்சும் இயர்பட்ஸும் இதில் சேருமா, முதல் முறை மீறினால் என்ன, இரண்டாம் முறை என்ன என்று தெளிவாகச் சொல்லி, அப்போதே செய்ய வையுங்கள். கதவில் எண் போட்ட பைகளைத் தொங்கவிடும் வகுப்பாக இருந்தால், ஒவ்வொருவராக எழுந்து வந்து அவரவர் எண்ணில் வைத்துவிட்டு உட்காரட்டும். வாயால் சொல்லிக் கேட்டது மறந்துபோகும், கையால் செய்தது நிற்கும். அந்த வாரம் ஐந்து நாளும் இதைத் தவறாமல் செய்தால் அடுத்த வாரம் நினைவூட்டவே தேவையிருக்காது.

விடுமுறையை ஒட்டிய நாட்களில் ஆசிரியர்கள் லீவில் இருப்பதும் அவருக்குப் பதிலாக சப்ஸ்டிட்யூட் ஆசிரியர் வருவதும் உண்டு. அவருக்கு விட்டுச்செல்லும் பாடக் குறிப்பிலேயே போன் விதியையும், யாருக்கு விலக்கு என்பதையும் இரண்டு வரியில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் ஒரு புதியவரை முப்பது பிள்ளைகளிடம் தனியாக அனுப்புவது நியாயமில்லை.

வகுப்புக்கு ஒரு சட்டம்

பியூ ஆய்வு மையம் 2023 இறுதியில் ஆசிரியர்களிடம் கேட்டது. வகுப்பில் செல்போனால் கவனம் சிதறுவது பெரிய பிரச்சினை என்று உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களில் 72 சதவீதம் பேர் சொன்னார்கள். விதி இருக்கும் பள்ளிகளில் வேலை செய்யும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களில் 60 சதவீதம் பேர், அதை நடைமுறைப்படுத்துவது கடினம் என்றார்கள். ஏன் கடினம்? கணக்கு வகுப்பில் மேசை மேல் வைக்கலாம், ஆங்கில வகுப்பில் பைக்குள் வைக்க வேண்டும், அறிவியல் வகுப்பில் யாரும் கவலைப்படுவதில்லை. ஒரு நாளில் ஏழு முறை விதி மாறினால் கண்டிப்பான ஆசிரியர் கெட்டவராகிறார். தளர்வானவருக்கு நல்ல பெயர். இது ஆசிரியர் தனியாளாகச் சுமக்க வேண்டிய பாரம் இல்லை. பிரின்சிபாலும் துணை பிரின்சிபால்களும் அந்த வாரம் வராந்தாவிலும் உணவுக்கூடத்திலும் நிற்க வேண்டும். ஆசிரியர்களும் ஊழியர்களும் பிள்ளைகள் கண்ணெதிரே தங்கள் போனில் மூழ்கி நிற்கக் கூடாது.

சட்டம் வந்தும் இந்தச் சிக்கல் தானாகத் தீரவில்லை. 2023இல் புளோரிடா வகுப்பு நேரத்தில் போனைத் தடுத்தது. 2025இல் டெக்சாஸ் பள்ளி நாள் முழுவதும் தடை செய்தது. நியூயார்க் மாநிலம் 2025-26 கல்வியாண்டிலிருந்து முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை தடை கொண்டுவந்தது. கலிபோர்னியா, ஒவ்வொரு கல்வி மாவட்டமும் தன் விதியை வகுக்க 2026 ஜூலை 1ஐக் கெடுவாக வைத்தது. சட்டம் எல்லைக்கோட்டை மட்டும் போட்டுத் தருகிறது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் நின்று அதை நடத்துவது மனிதர்கள்தான்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் நகரமே சான்று. அங்கே மேயர் புளூம்பெர்க் காலத்தில் பள்ளிக்குள் போன் கொண்டுவரவே தடை இருந்தது. 2015இல் மேயர் டி பிளாசியோ காலத்தில்தான் நீக்கினார்கள். உலோகச் சோதனைக் கருவி வைத்த பள்ளிகளில் போன் உடனே பிடிபட்டுவிடும். அந்தப் பிள்ளைகள் வெளியே நிற்கும் வண்டிகளில் நாளைக்கு ஒரு டாலர் கட்டிப் போனை விட்டுவிட்டு உள்ளே போனார்கள். கருவி இல்லாத பள்ளிகளில் பாக்கெட்டில் போனோடு வகுப்புக்குப் போனார்கள். ஏழைப் பிள்ளைகள் அதிகம் படித்த பள்ளிகளில்தான் அந்த டாலர் போனது. ஒரு விதி யார் தலையில் அதிகமாக விழுகிறது என்று பள்ளி நிர்வாகம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லார் முன்னாலும் மல்லுக்கட்டுவது

போனை எடுத்த பிள்ளையிடம் வகுப்பே பார்த்திருக்கச் சத்தம் போட்டால், அது போன் பிரச்சினையாக இருப்பது முடிந்து மானப் பிரச்சினை ஆகிவிடும். பதினைந்து வயதுப் பிள்ளை சிநேகிதர்கள் முன்னால் தோற்க விரும்பாது. அருகில் போய்த் தாழ்ந்த குரலில் ஒரு முறை சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் வாதம் வேண்டாம், ஆபீசுக்குத் தகவல் கொடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். கையிலிருந்து பிடுங்காதீர்கள். போன் கீழே விழுந்து உடைந்தால் பேச்சு முழுக்க அதைப் பற்றியே ஆகிவிடும்.

வாங்கிய போனைத் திறந்து பார்ப்பது இன்னும் பெரிய தவறு. பள்ளிகள் மாணவரைச் சோதிக்க நியாயமான சந்தேகம் இருந்தால் போதும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் சொன்னது உண்மைதான். ஆனால் வகுப்பில் போனை எடுத்ததற்காக மட்டும் அதற்குள் உள்ள மெசேஜ்களைப் படிக்கும் உரிமை வந்துவிடாது என்று ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல், கென்டக்கியின் ஓவன்ஸ்பரோ பள்ளி வழக்கில், தீர்ப்பளித்தது. வாங்கினால் அணைத்து, உறையில் போட்டு, பெயரும் நேரமும் எழுதி ஆபீசில் ஒப்படையுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்டனையிலும் அளவு வேண்டும். பாடத்தைக் கவனிக்கவில்லை என்பதற்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்தே இடைநீக்கம் செய்தால் அது இழப்பது அதே பாடத்தைத்தான். போன் விதியை மீறியதை மட்டும் காரணமாக வைத்து இடைநீக்கம் செய்யக் கூடாது என்று நியூயார்க் சட்டமே சொல்லிவிட்டது. மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று விரும்புகிறேன்.

விலக்குள்ள பிள்ளையை மறந்துவிடுவது

டைப் 1 நீரிழிவு உள்ள பிள்ளைகள் பலர் உடலில் ஒட்டிய சென்சாரின் சர்க்கரை அளவைப் போனில்தான் பார்க்கிறார்கள். அளவு இறங்கினால் எச்சரிக்கை மணி அந்தப் போனில்தான் அடிக்கும். போனை வகுப்பு மூலையில் பூட்டி வைத்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். இவர்களுக்கும், சிறப்புக் கல்வித் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் விலக்கு தருகின்றன. ஆனால் அது காகிதத்தில் இருந்தால் போதாது. புதிதாக வந்த சப்ஸ்டிட்யூட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோர் விடுமுறை முடியும் முன்பே பள்ளி நர்சுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, மருந்தோ சென்சாரோ மாறியிருந்தால் சொல்லிவிடுங்கள்.

பள்ளி நேரத்தில் பெற்றோரே மெசேஜ் அனுப்புவது

நம் வீடுகளைப் பற்றித்தான் சொல்கிறேன். "சாப்பிட்டியா?", "டெஸ்ட் எப்படி?", "சாயங்காலம் அப்பா வர்றாங்க" என்று பாசத்தில்தான் அனுப்புகிறோம். பிள்ளைக்கு வரும் மெசேஜில் அம்மா, அப்பா பெயர் இருந்தால் அதைப் பார்க்காமல் இருப்பது கடினம். பார்த்தபின் போனை வைப்பது அதைவிடக் கடினம். ஊரிலிருந்து வரும் குடும்ப வாட்ஸப் குரூப்பையும் கணக்கில் எடுங்கள். கடிகாரத்தை முன்தள்ளிய பின் டாலஸுக்கும் சென்னைக்கும் இடைவெளி பத்தரை மணி நேரம். அங்கே இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டுக்குப் பின் குரூப் களைகட்டும்போது இங்கே காலை ஒன்பதரை, இரண்டாவது பீரியட். தாத்தா பாட்டிக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், சனிக்கிழமை பேசலாம் என்று.

யார் அழைத்துப் போவது, பேருந்தா, காரா என்பதைக் காலையிலேயே பேசி முடித்துவிடுங்கள். திடீரென்று மாறினால் பள்ளி ஆபீசுக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் வகுப்புக்குச் சீட்டு அனுப்பிவிடுவார்கள். அதற்குத்தான் அந்த ஆபீஸ் இருக்கிறது.

பெற்றோரின் பயத்தை அலட்சியம் செய்வது

"ஏதாவது நடந்தால் என் பிள்ளையை எப்படித் தொடர்புகொள்வேன்?" இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கும் பள்ளி, பெற்றோரை இழந்துவிடும். 1999இல் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபின்தான் பல பள்ளிகள் போன் தடையைத் தளர்த்தின. 2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டியில் வகுப்பறைக்குள் மாட்டிக்கொண்ட குழந்தைகள் போனில் அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்தார்கள். இதை அறிந்த தாயிடம் போனால் பயனில்லை என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

அதே நேரம், பள்ளிப் பாதுகாப்பு வல்லுநர்கள் பலர் வேறொன்றையும் சொல்கிறார்கள். ஒளிந்திருக்கும் அறையில் ஒரு போன் அதிர்ந்தாலும் இடம் தெரிந்துவிடும். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அழைத்தால் தொடர்பு நெரியும். வதந்தியை நம்பிப் பெற்றோர் கார்களில் குவிந்தால் ஆம்புலன்ஸ் போக வழியிருக்காது. பிள்ளையின் கண்ணும் காதும் அப்போது ஆசிரியரிடம்தான் இருக்க வேண்டும். ஆகவே பள்ளியிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: அவசர நேரத்தில் எங்களுக்கு எப்படி, எவ்வளவு சீக்கிரம் செய்தி வரும்? பிள்ளைகளை எங்கே வந்து அழைத்துச்செல்வது? வகுப்பில் பூட்டிய போனைத் திறப்பது யார்? பதில் இல்லாவிட்டால் கல்வி வாரியக் கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள். உங்கள் பக்கத்தில், பள்ளியில் பதிந்த அவசரத் தொடர்பு எண் சரியாக இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். எண் மாறியும் சொல்லாமல் இருக்கும் வீடுகள் நிறைய.

சில்லறை ஓட்டைகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி தரும் காந்தப் பூட்டுப் பைக்குள் பழைய போனைப் போட்டுவிட்டுப் புதியதைக் கையில் வைத்திருப்பார்கள். பள்ளி கொடுத்த குரோம்புக் மடிக்கணினியில் கூகுள் டாக்ஸைத் திறந்து அதிலேயே அரட்டை அடிப்பார்கள். இவற்றைத் துரத்துவதற்கு முன் மதிய உணவு நேரத்தைக் கவனியுங்கள். போனை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு உட்கார வைத்தால் பிள்ளைகள் போனைத்தான் நினைப்பார்கள். செஸ் போர்டு, சீட்டுக்கட்டு, கூடைப்பந்து என்று எதையாவது கொடுங்கள். உணவுக்கூடத்தில் சத்தம் கூடும். அதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசுகிறார்கள்.

தேர்வு நாளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி, ஏபி தேர்வுக் கூடத்தில் போன் சத்தம் எழுப்பினாலோ, இடைவேளையில் எடுத்துப் பார்த்தாலோகூட வெளியே அனுப்பி மதிப்பெண்ணை ரத்து செய்ய முடியும். அலாரத்தை மறந்துபோய்ப் பைக்குள் விட்டதற்கும் அதே கதிதான். போனை முழுதாக அணைத்துக் கொடுத்துவிட வேண்டும், முடிந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது மேல். அப்படிப் போகும் பிள்ளையிடம் எத்தனை மணிக்கு, எந்த வாசலில் அழைக்க வருவீர்கள் என்பதை முந்தைய இரவே சொல்லி, உங்கள் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். இன்றைய பிள்ளைகளில் பலருக்கு அம்மாவின் போன் எண் மனப்பாடமாகத் தெரியாது.