ஒரே ஆளுக்கு நான்கு பெயர்: இறுதியாண்டு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் கல்லூரி இறுதியாண்டுப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். மற்ற ஆறு நாளும் நான் தம்புச் செட்டித் தெருவில், கப்பல் சரக்குக்கான ஆவணங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு மட்டும் இவர்களுக்கு ‘அக்கா’. விண்ணப்பம் நிரப்பச் சொல்லித் தருவது, நேர்முகத் தேர்வுக்குப் பழக்குவது, திட்டுவது மூன்றும் என் பொறுப்பு.

அண்மையில் ஒரு பையன் வேலை உத்தரவோடு இனிப்பும் வாங்கி வந்தான். அடுத்த வாரமே முகம் வாடி வந்து நின்றான். சேரும் தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்களாம். ஏன் என்று கேட்டதும் நான்கு தாள்களை எடுத்துத் தரையில் பரப்பினான். அவன் பெயர் இங்கே வேண்டாம். முருகன் மகன் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘செல்வம் மு’. ஆதாரில் ‘செல்வம் முருகன்’. பான் அட்டையில் ‘முருகன் செல்வன்’, கடைசி எழுத்து தப்பு. வங்கிக் கணக்கில் வெறும் ‘செல்வம்’. நால்வரும் ஒரே ஆள்தான் என்று அவனுடைய அம்மா கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வார். வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடங்கும் கணினிக்குக் கற்பூரம் தெரியாது.

வடசென்னைப் பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்வது என்றாலே எல்லோரும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் பார்த்தவரையில் ஆங்கிலத்தில் தோற்றவர்களைவிடத் தாளில் சறுக்கியவர்களும், கேட்க வேண்டியதைக் கேட்கக் கூச்சப்பட்டவர்களும்தான் அதிகம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்கு இந்தச் சில்லறை விஷயங்களைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. கல்லூரியில் சொல்வதில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் தாள்களையே பார்த்துவிடுவோம்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும். இது தெரியாமல் அவசரத்தில் தப்பும் தவறுமாக மாற்றி, ஒரு வாய்ப்பை வீணடித்தவர்கள் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையும் பிறந்த தேதியும் அதை ஒட்டியே திருத்தப்பட வேண்டும். பான் அட்டைக்கு முதலெழுத்து போதாது, தந்தை பெயரை விரித்து எழுத வேண்டியிருக்கும். ஆதாரிலும் அதே வரிசையில் விரித்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். சான்றிதழில் முதலெழுத்தாகவும் ஆதாரில் முழுப்பெயராகவும் இருப்பது நம் ஊரில் வாடிக்கை என்பதால் அலுவலகங்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ‘செல்வம்’ ‘செல்வன்’ ஆவதைத்தான் பொறுக்கமாட்டார்கள். இந்த வேலையை ஐந்தாம் பருவத்திலேயே முடிக்க வேண்டும். வேலை உத்தரவு வந்த பிறகு இ-சேவை மைய வரிசையில் நிற்பது பரிதாபம்.

அடுத்தது லேமினேஷன். சான்றிதழை மதிப்பதாக நினைத்துக்கொண்டு பிளாஸ்டிக்கில் அடைத்துவிடுகிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு மூலச் சான்றிதழின் மேலேயே முத்திரை குத்தித் தர வேண்டியிருக்கும். பிளாஸ்டிக்கின் மேல் குத்த முடியாது. பிரிக்கப்போனால் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும். தண்ணீருக்குப் பயந்து செய்கிறார்கள் என்பது புரிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் வீட்டுக்குள் நின்றது மழைநீர் மட்டுமா? எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து வந்தது. அதில் ஊறிய சான்றிதழ்களுக்கு நகல் தர அரசு தனி முகாமே நடத்த வேண்டியிருந்தது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள். டிஜிலாக்கரில் ஏற்றுங்கள். அது போதும்.

மூலச் சான்றிதழை எந்த நிறுவனத்திடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டலாம், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கலாம், அன்றே திரும்பக் கையில் வாங்கிவிட வேண்டும். என்னுடைய முதல் வேலையில் என் பட்டச் சான்றிதழை ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டார்கள். வேறு வேலை கிடைத்து விலகப்போனபோது பதினொரு மாதம் அலைந்தேன். அதற்குள் அந்த வேலையும் போயிற்று. இன்றும் அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால் எனக்கு எரிகிறது.

அரியர் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. ‘ஒன்றுதானே அக்கா’ என்பார்கள். அந்த ஒன்றுக்காக ஏப்ரலை விட்டால் நவம்பர். முடிவு வரும்போது உங்களோடு படித்தவன் முதல் தீபாவளிப் போனஸ் வாங்கியிருப்பான்.

முகவரி என்னும் பொய்

இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டை என்று எழுதினால் எதிரில் இருப்பவர் முகம் மாறும் என்று பயந்து, அண்ணா நகரில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரியை எழுதுகிறார்கள். பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஊர் பெயரைக் கேட்டதும் ‘ஓ, அங்கேயா’ என்று இழுப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பல நிறுவனங்கள் முகவரியைச் சரிபார்க்க ஆள் அனுப்புகின்றன. அந்த ஆள் அண்ணா நகர் வீட்டுக் கதவைத் தட்ட, சித்தி ‘அவன் இங்கே இல்லையே, வண்ணாரப்பேட்டைப் பக்கம்’ என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டால், குறிப்பில் ‘தவறான தகவல்’ என்று ஏறும். ஊருக்காக வேலை தராதவன் ஒரு பக்கம் இருக்கட்டும். பொய்க்காக வேலையைப் பறிக்க எல்லோருக்கும் உரிமை வந்துவிடுகிறது.

இதே கூச்சம் நேர்முகத் தேர்விலும் வந்து உட்காரும். போன ஆண்டு ஒரு பெண்ணுக்கு ஒத்திகை வைத்தோம். வணிகவியல் மாணவி. தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால், இணையத்திலிருந்து உருப்போட்ட நாலு வாக்கியத்தை ஒப்பித்தாள்: கடின உழைப்பாளி, குழுவோடு ஒத்துப்போவேன், இத்தியாதி. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். ‘வியாபாரம்’ என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. என்ன வியாபாரம் என்று குடைந்த பிறகுதான் வந்தது. அம்மாவும் அப்பாவும் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துச் சில்லறைக்காரர்களுக்குக் கொடுப்பவர்கள். யாருக்கு எத்தனை கூடை போயிற்று, யார் பாக்கி, ஐஸுக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு எல்லாவற்றையும் பதினொன்றாம் வகுப்பிலிருந்து நோட்டில் எழுதி, இரவு கணக்கை நேர்செய்வது இவள்தான். கடன் வசூலிப்பதற்கே மூன்று நிறத்தில் கோடு போட்டு ஒரு முறை வைத்திருந்தாள். ‘இதை ஏன் சொல்லவில்லை?’ என்றேன். ‘மீன் வியாபாரம் என்று எப்படி அக்கா சொல்வது?’ என்றாள். கணக்குப் பிரிவு வேலைக்குப் போகிறவள், ஐந்து வருடம் தினசரிக் கணக்கு எழுதியதை மறைக்கிறாள்! அன்று முழுக்க அந்த நோட்டைப் பற்றி மட்டுமே பேசப் பழக்கினோம். ஆங்கிலம் தடுக்கியது, தடுக்கட்டும் என்று விட்டுவிட்டோம். சொந்த விஷயத்தைப் பேசும்போது திக்கல் தானாகக் குறைகிறது.

பழைய மகாபலிபுரம் சாலை மட்டும்தான் உலகமா?

கணினி நிறுவன வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். விம்கோ நகரிலிருந்து சிறுசேரிக்குப் போக வர நான்கு மணி நேரமாவது கழியும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு நந்தனம், கிண்டி எல்லாம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. வேலை தேடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். துறைமுகம் நம் வாசலில் இருக்கிறது. ராஜாஜி சாலையில் சுங்க அலுவலகம், அதை ஒட்டிய தெருக்களில் சுங்கத் தரகர் அலுவலகங்கள், மணலி, மாதவரம் பக்கம் கண்டெய்னர் கிடங்குகள். ஷிப்பிங் பில் என்னும் ஏற்றுமதிச் சுங்க ஆவணம் தயாரிக்கத் தெரிந்த, பிழையில்லாமல் எண்களைப் பார்த்து எழுதத் தெரிந்த பட்டதாரிக்கு இங்கே தேவை உண்டு. தொடக்கச் சம்பளம் குறைவுதான், ஒளிக்கவில்லை. சில வருடம் அனுபவம் சேர்த்துச் சுங்கத்துறையின் தேர்வில் தேறி, தரகர் அலுவலக ஊழியருக்கான ஜி கார்டு என்னும் அனுமதி அட்டை வாங்கினால் மதிப்பே வேறு. லாரி வரிசையில் நிற்பதை மட்டும் பார்த்து வளர்ந்ததால் துறைமுகம் என்றாலே மூட்டை தூக்கும் இடம் என்ற எண்ணம் நம் பிள்ளைகளுக்கு.

தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சியும் அப்படித்தான் ஒதுக்கப்படுகிறது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடக்கும் இந்த ஓராண்டுப் பயிற்சிக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு, முடிவில் சான்றிதழ் உண்டு. இதற்கான தென் மண்டல அலுவலகம் தரமணியில் இருக்கிறது. பொறியியல், டிப்ளமோ படித்தவர்களோடு கலை, அறிவியல் பட்டதாரிகளும் சேரலாம். பயிற்சி முடிந்ததும் அந்த நிறுவனம் நிரந்தர வேலை தந்தாக வேண்டும் என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள். அந்தக் கட்டாயம் சட்டத்தில் இல்லை.

‘துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள், ஐம்பதாயிரம் கட்டினால் போதும்’ என்று ஒருவர் வருவார். டீக்கடையிலேயே பழக்கமாவார். எங்கள் பகுதியில் இவர் எந்தக் காலத்திலும் உண்டு, சட்டை மட்டும்தான் மாறும். வேலைக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசுத் தேர்வு எழுதுவோருக்கு

‘பட்டம் முடித்துவிட்டுக் குரூப் 4 எழுதுவேன்’ என்று மூன்றாம் ஆண்டில் சொல்பவர்களைக் கண்டால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அதன் அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புதான். பதினெட்டு வயதிலேயே பெரும்பாலான பதவிகளுக்கு எழுதியிருக்கலாம். கிராம நிர்வாக அலுவலருக்கு மட்டும் 21 ஆக வேண்டும். இருநூறு கேள்வி, முந்நூறு மதிப்பெண். அதில் நூறு கேள்வி தமிழ். அந்தப் பகுதியில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண், எடுக்கவில்லையென்றால் மற்றதைப் பார்க்கவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்துத் தமிழை ஒப்பேற்றியவர்கள் இங்கேதான் கவிழ்கிறார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்று காட்டும் சான்றிதழ் வேண்டும். தொடக்கப் பள்ளிக்குப் போய் அதைக் கையெழுத்து வாங்க, பள்ளி மூடப்படாமலும் பதிவேடு கரையான் அரிக்காமலும் இருக்க வேண்டும். இப்போதே போங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி வளாகத்தில் அரசின் இலவசப் பயிற்சி மையம் நடப்பது அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் சிலருக்குத் தெரியவில்லை. கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் தொலைக்காட்சியோடு போட்டியிட்டுப் படிக்க வேண்டியதில்லை.

முதல் சம்பளம் வந்த பிறகு

‘வருடத்துக்கு மூன்று லட்சம்’ என்று வேலை உத்தரவில் இருந்தால், பன்னிரண்டால் வகுத்து 25,000 என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அம்மா அதை நம்பி ஏலச்சீட்டில் சேர்ந்துவிடுவார். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் பாதி, மாதம் 12,500. நிறுவனம் உங்கள் பெயரில் கட்டும் வருங்கால வைப்பு நிதி 12 விழுக்காடு, வருடத்துக்கு 18,000. அதையும் அந்த மூன்று லட்சத்தில் சேர்த்திருப்பார்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்று ஏழாயிரத்துச் சொச்சம். திறனைப் பொறுத்துத் தருவதாக 30,000. இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்கு நிறுவனம் கட்டும் பங்கும் இதற்குள்தான். இத்தனையும் கழித்து, உங்கள் பங்கு வைப்பு நிதி 1,500-ம் இஎஸ்ஐயும் போனால், கைக்கு வருவது சுமார் 18,000. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ‘கையில் எவ்வளவு வரும்?’ என்று சேரும் முன்பே கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால் இஎஸ்ஐ உண்டு. அதில் உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரையும் சேர்க்கலாம் என்பதை யாரும் கவனிப்பதில்லை. அயனாவரத்தில் இஎஸ்ஐ மருத்துவமனையை வைத்துக்கொண்டு, அப்பாவின் முழங்கால் வலிக்குக் கடன் வாங்கித் தனியாரிடம் ஓடுகிறோம்.

கல்விக் கடன் வாங்கியவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். படிப்பு முடிந்து பொதுவாக ஓராண்டு வரை தவணை கேட்கமாட்டார்கள். ஆனால் வட்டி அந்தக் காலத்திலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வங்கியிலிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமல் ஒளித்து வைக்காதீர்கள். கடனில் அப்பாவும் கையெழுத்திட்டிருக்கிறார். நீங்கள் தவறினால் அவர் பெயரிலும் கறை விழும், நாளை அவர் ஆட்டோவுக்குக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். வேலை கிடைக்கவில்லையென்றால் தவணை தொடங்கும் முன்பே கிளை மேலாளரைப் போய்ப் பாருங்கள். அவருக்குக் கடன்காரர் தானாக வந்து நின்றால் ஆச்சரியம், கோபம் வராது.

வேலை பிடிக்கவில்லை என்றால் விடலாம், அதில் பாவம் ஒன்றுமில்லை. மறுநாளிலிருந்து போகாமல் தொலைபேசியை அணைத்துவிடுவதுதான் பாழாய்ப்போன பழக்கம். விடுவிப்புக் கடிதம் கிடைக்காது. வைப்பு நிதிக் கணக்கில் விலகிய தேதியை நிறுவனம் ஏற்றாமல் விட்டுவிடலாம். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் காத்திருந்து, இணையத்தில் நீங்களே அதை ஏற்றினால்தான் உள்ளே கிடக்கும் உங்கள் பணத்தை எடுக்க வழி பிறக்கும். அடுத்த இடத்தில் யுஏஎன் என்னும் வைப்பு நிதிப் பொது எண் கேட்பார்கள். புதிதாக ஒன்று வேண்டாம், பழைய எண்ணையே கொடுங்கள். அது ஆயுளுக்கும் ஒன்றுதான்.