எல்லையில் திறந்த விரிசல்

64 செயலிகளில் பிரித்து உருவாக்கிய ஃபைனைட் எலிமென்ட் மெஷ் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிட உதவும் வலை) பார்வைக்குச் சரியாகவே இருந்தது. தீர்வைப் படமாக்கினால், பகுதிகள் சந்திக்கும் எல்லை நெடுக இடப்பெயர்ச்சி அறுந்து நின்றது, தையல் விட்ட துணிபோல. இரண்டு நாள், சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலான சால்வரைத் திட்டினேன், பாவம் அது. கடைசியில் எல்லைக் கணு (வலையின் புள்ளி) ஒன்றின் ஆயத்தொலைவை இருபுறமும் 17 இலக்கத்துக்கு அச்சிட்டேன். கடைசி இலக்கம் வேறு! ஒரே விளிம்பை மூன்றாகப் பிரிக்க, இரு செயலிகளும் எதிரெதிர் முனைகளிலிருந்து கணக்கிட்டிருந்தன. கணினி கடைசி இலக்கத்தை முழுமையாக்கும்போது வரும் சிறு பிழையால் ஒரே கணு இரண்டாகப் பதிவாகிவிட்டது. சிறு இடைவெளிகளைப் புறக்கணித்து ஒட்டிவிடலாம்தான். ஆனால் மெல்லிய அடுக்குகளில் ஒட்டக்கூடாதவையும் ஒட்டிக்கொள்ளும். எனவே எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான கணு எண் சிறியதாக உள்ள முனையிலிருந்தே கணக்கைத் தொடங்கவைத்தேன். புதிய கணுக்களுக்கு அடையாளம், விளிம்பு முனைகளின் எண்களும் அந்த விளிம்பில் கணு எத்தனையாவது என்பதும்தான். ஆயத்தொலைவை ஒப்பிடுவதே இல்லை. அடுத்த ஓட்டத்தில் விரிசல் இல்லை.