4:08 ஏன் கடைசியில் போய் நின்றது?

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் ஓடும் எங்கள் கிளப்பின் பழைய நோட்டுகளை எக்ஸெலில் ஏற்றினோம். 1500 மீட்டரை வரிசைப்படுத்தினால், 4:08 ஓடியவர் 5:02.6-க்கும் கீழே கிடக்கிறார். "என்ன அண்ணாச்சி, எங்க காலத்துல நடந்தா போனோம்?" என்று ஒரு பெரியவர் கேட்டேவிட்டார்.

மறுபடி வரிசைப்படுத்தினேன், அதே கதை. டெக்ஸ்டாக மாற்றினால் 3000 மீட்டரில் 10:05 முதலிடத்துக்கு வருகிறது. செல் ஃபார்மேட்டை mm:ss.0 (நிமிடம்:விநாடி) ஆக்கினேன், 4:08 என்பது 08:00.0 ஆகிவிட்டது. அங்கேதான் பிடி கிடைத்தது.

புள்ளி வைத்து 4:12.3 என்று அடித்தால் எக்ஸெல் அதை நிமிடம், விநாடி என்று எடுத்துக்கொள்கிறது. புள்ளி இல்லாத 4:08 அதற்கு 4 மணி 8 நிமிடம். கையால் ஸ்டாப்வாட்ச் பிடித்த காலத்து நோட்டுகளில் பல இடங்களில் முழு விநாடிதான் இருக்கும், அதனால் பழைய ஆட்கள்தான் மாட்டினார்கள். ஃபார்முலா பாரில் பார்த்தால் 4:08:00 என்று நிற்கும்.

பக்கத்து நெடுவரிசையில் =IF(B2>=1/24,B2/60,B2), அதாவது ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால் 60-ஆல் வகு என்று போட்டு இழுத்தேன், ஃபார்மேட் mm:ss.0, சரியாகிவிட்டது. மாரத்தான் ஷீட்டில் மட்டும் இதைப் போடாதீர்கள், அங்கே மணிக்கணக்கு நிஜம்.