நுரை பொங்கினால் ரெகுலேட்டரைக் குறைக்காதீர்கள்

டிராஃப்ட் பீர் மெஷின் பழுது பார்க்கும் எனக்கு ஏற்காடு மலையிலிருந்து போன் வந்தால் பெரும்பாலும் அது சனிக்கிழமை சாயங்காலமாகத்தான் இருக்கும். “அண்ணா, பாதி கிளாஸ் நுரையாவே வருது.” சிலிண்டரிலிருந்து வரும் கேஸின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் குறைத்தீர்களா என்று கேட்பேன். குறைத்திருப்பார்கள். டிராஃப்ட் பீர் மெஷினில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

நுரை என்றாலே கேஸ், அதாவது கார்பன் டை ஆக்சைடு, அதிகம் என்று நினைத்துவிடுகிறோம். அழுத்தத்தைக் குறைத்தால் பீரில் கரைந்திருக்கும் கேஸ் குழாயிலேயே பிரிந்து குமிழாகும். நுரை இன்னும் கூடும். நாலு நாளில் கெக்கில், அதாவது பீர் பீப்பாயில், மிச்சம் இருப்பதும் சப்பென்று ஆகிவிடும். ஏற்காட்டில் இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் சுமார் 2 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) குறைவு. ரெகுலேட்டரில் இருக்கும் அழுத்தமானியான கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டும்தான். அதனால் சேலத்தில் 12 வைத்து ஒழுங்காக ஓடிய பீருக்கு ஏற்காட்டில் 14 வைக்க வேண்டும். வேகமாகப் பாய்கிறதா? பீர் குழாயை இப்போது இருப்பதைவிட ஒரு அடி கூடுதல் நீளமாக மாற்றுங்கள். அழுத்தத்தில் கை வைக்க வேண்டாம்.

நுரைக்கு நிஜமான காரணம் பெரும்பாலும் சூடு. பீர் 3, 4 டிகிரியில் இருக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்த கெக்கை இறக்கிய கையோடு மாட்டிவிடுகிறார்கள். ‘இங்கதான் குளிருதே’ என்பார்கள். ஏற்காட்டுக் குளிர் பீருக்குப் போதாது. குளிர் அறையில் ஒரு நாள் முழுக்க அசையாமல் கிடக்கட்டும், அப்புறம் மாட்டுங்கள்.

கழுவுவதில்தான் எனக்கு மனசே ஆறுவதில்லை. ஒரு விடுதியில் பீர் பிடிக்கும் டேப்பைக் கழற்றி வெள்ளைத் துணியில் வைத்தேன். வெளியே பளபளப்பு, உள்ளே பழுப்பாக, விரலில் ஒட்டும் வழவழப்பு, காடி வாடை. “தினமும் துடைக்கிறேனே” என்றார் அங்கிருந்த தம்பி. பாவம், யாரும் அவருக்குக் கழற்றச் சொல்லித் தரவில்லை. வெந்நீரில் அலசினால் இந்தப் படலம் போகாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 2 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலைப் பம்ப் வைத்துக் குழாயில் 15 நிமிடம் சுற்றவிட வேண்டும். டேப்பையும், கெக்கின் தலையில் மாட்டும் கப்ளரையும் தனியாகப் பிரித்து பிரஷ் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆசிட் கிளீனர். உள்ளே படியும் பீர் கல்லை அதுதான் கரைக்கும். இரண்டுக்கும் நடுவில் நல்ல தண்ணீரில் தாராளமாக அலசுங்கள். கையுறை, கண்ணாடி இல்லாமல் காஸ்டிக்கைத் தொடாதீர்கள். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சிலிண்டர் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றுவது இன்னொரு பழக்கம். அங்கே கசிவை அடைப்பது வாஷர், மரை இல்லை. புது வாஷர் போட்டு, சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிறதா பாருங்கள். சிலிண்டரைப் படுக்க வைக்காதீர்கள். உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் ரெகுலேட்டருக்குள் போய்விடும். நிற்க வைத்துச் சங்கிலி போடுங்கள்.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்த அறையில் கசிந்தால் ஆளே மயங்கி விழுவார், உயிரும் போகும். அதேபோல கெக் நடுவில் இருக்கும் ஈட்டிக் குழாயை நீங்களே நெம்ப வேண்டாம். உள்ளே அழுத்தம் இருந்தால் குண்டு மாதிரி மேலே பாயும். அதில் செத்தவர்கள் உண்டு.

சேலத்திலிருந்து நான் ஏறி வர ஒரு மணி நேரம் ஆகும். நாலு வாஷர், டேப்புக்கும் கப்ளருக்கும் ஒரு செட் ஓ-ரிங், ஒரு தெர்மாமீட்டர், டேப் கழற்றும் ஸ்பேனர்: ஒரு டப்பாவில் போட்டு கவுன்டருக்கு அடியிலேயே வைத்திருங்கள்.