கேள்வி இல்லாத ப்ராஜெக்ட்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் கண்காட்சி நெருங்கிவிட்டால் வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் ஸ்டேஷனரி கடைகளில் தெர்மாகோலும் சார்ட்டும் மளமளவென்று விற்றுத் தீரும். மறுநாள் பள்ளி மேசைகளில் எரிமலைகள் வரிசையாக நிற்கும். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் நுரை பொங்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். அந்த எரிமலையைப் பற்றி எந்தப் பிள்ளையும் எதையும் கேட்டிருக்காது. ஆசிரியர் தலைப்புக் கொடுத்தார், அம்மா வெட்டி ஒட்டினார், பிள்ளை தூக்கி வந்தது. மற்ற தவறுகள் பலவும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

ப்ராஜெக்ட் எனும் செயல்திட்ட முறையைப் பற்றி 1918இல் விரிவாக எழுதிய அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக், பிள்ளை முழுமனதோடு ஈடுபடும், நோக்கமுள்ள செயலையே வலியுறுத்தினார். அந்த நோக்கம் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். தலைப்புப் பட்டியலை ஆசிரியர்களாகிய நாமே தட்டச்சு செய்து ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக் கொடுத்தால் அதற்கு இடமே இல்லாமல் போகிறது.

வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கேள்விப் பஞ்சம் கிடையாது. விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் வஞ்சிரத்தின் விலை எவ்வளவு ஏறுகிறது? கணேசபுரம் சுரங்கப்பாதையில் மட்டும் ஏன் மழைக்குமழை தண்ணீர் தேங்குகிறது? எண்ணூரில் மாடியில் காயப்போட்ட துணியில் படியும் தூசி எந்தத் திசைக் காற்றில் அதிகம்? இவற்றையெல்லாம் விட்டுவிட்டு 'சுற்றுச்சூழல் மாசு' என்று தலைப்பு வைப்பது இரண்டாவது தவறு. அவ்வளவு பெரிய தலைப்பில் பிள்ளை எதையும் அளக்க முடியாது. எங்கிருந்தாவது பார்த்து எழுதத்தான் முடியும். ஒரு டேப்பையோ நோட்டுப் புத்தகத்தையோ எடுத்துக்கொண்டு போய் விடை தேடக்கூடிய அளவுக்குக் கேள்வி சிறியதாக இருக்க வேண்டும்.

ஒரு கேள்வியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். "மெரினாவில் அவ்வளவு மணல் இருக்கிறது. நம்ம பக்கம் ஏன் சார் வெறும் பாறாங்கல்லாகக் கிடக்கிறது?" காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ இருக்கும் எந்தப் பிள்ளையும் கேட்கக்கூடிய கேள்வி இது. "அது கடல் அரிப்புப்பா" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிடுகிறோமே, அங்கேதான் பெரிய சேதம் நடக்கிறது. பெயர் தெரிந்ததும் விடையே தெரிந்துவிட்டதாகப் பிள்ளை நம்பிவிடுகிறது. அதற்குப் பிறகு அது கேட்காது.

பதில் சொல்லாமல் "உனக்கு என்ன தோன்றுகிறது? யாரைக் கேட்டால் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் முதலில் தாத்தா பாட்டியிடம் போவார்கள். முன்பு கரை எதுவரை இருந்தது, வலை எங்கே காய்ந்தது, எந்தத் தெரு கடலுக்குள் போனது என்று கேட்டு வரைபடம் போடுவார்கள். நீரோட்டம் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது கடலுக்குப் போகிறவர்களுக்கு அத்துப்படி. அவர்களைக் கேட்காமல் இணையத்திலிருந்து இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்வது, கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆசானைப் புறக்கணிப்பது ஆகும்.

பிறகு வகுப்பறையிலேயே சோதிக்கலாம். அகலமான தட்டு ஒன்றின் ஒரு பக்கம் மணலைச் சரிவாகக் குவித்து, தண்ணீர் ஊற்றி, ஸ்கேலால் சாய்வாக அலை எழுப்பினால் மணல் கரையோரமாகவே நகரும். நடுவில் ஒரு செங்கல்லைக் குறுக்கே வைத்தால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரையும். சென்னைத் துறைமுகத்தால் நடந்ததும் இதுதான். 1870களில் கட்டத் தொடங்கிய அதன் சுவர்கள், ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை தேய்ந்தது. தட்டில் இதைப் பார்த்த பிள்ளை அடுத்ததாக, "கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் அதற்கும் வடக்கே இருக்கிற குப்பத்துக்கு என்ன ஆகும்?" என்று கேட்கக்கூடும். பொறியாளர்கள் யோசிக்கும் கேள்வி அது. கண்காட்சியில் பரிசு வாங்கிய எந்த மாதிரியைவிடவும் அந்தக் கேள்விதான் எனக்குப் பெரிது.

எதிர்பாராத முடிவு வந்தால் அதைத் திருத்தி எழுதச் சொல்வது இன்னொரு தவறு. போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை என்று ஒரு குழு சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே அளவு பாட்டில்கள், ஒரே அளவு தண்ணீர், ஒரே எண்ணிக்கையில் சோப்புக் கரைசல் சொட்டுகள். கொதிக்க வைத்தால் நுரையைத் தடுக்கும் கடினத்தன்மை போகும் என்று எங்கோ படித்துவிட்டுக் காய்ச்சி ஆறவைத்துப் பார்க்கிறார்கள், அப்போதும் நுரைக்கவில்லை. "தப்பாகச் செய்திருப்பீர்கள், நுரைத்தது என்று எழுதுங்கள்" என்றால் அன்றோடு விஞ்ஞானம் முடிந்தது. பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மைதான் கொதித்தால் நீங்கும். குளோரைடு, சல்பேட்டு உப்புகளால் வருவது நீங்காது. கடலோர நிலத்தடி நீரில் ஏன் குளோரைடு அதிகம் என்று அங்கிருந்து தேடல் தொடரலாம். சோதனைக்குத் துணி துவைக்கும் பவுடரை எடுத்துக்கொள்ள வேண்டாம். அது கடின நீரிலும் நுரைத்துவிடும்.

மதிப்பெண் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கியதே, பிள்ளை கற்கும் வழியைப் பார்ப்பதற்காகத்தான். அதைக் கையெழுத்துக்கும் பார்டருக்கும் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் பார்டர்தான் போடுவார்கள். அடித்தல் திருத்தலோடு இருக்கும் குறிப்பு நோட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கூடாது. தடைக்காலத்தில் வீட்டில் வருமானம் இல்லாத பிள்ளையும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது.

குழு வேலையில் ஆண்பிள்ளைகள் வெளியே போய் விசாரித்து வர, பெண்பிள்ளைகள் உட்கார்ந்து வண்ணம் தீட்டுவது பல பள்ளிகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது. விசாரிக்கும் வேலையை முறை வைத்து எல்லோருக்கும் கொடுங்கள். கடற்கரைப் பாறைகளுக்கோ எண்ணூர் முகத்துவாரத்துக்கோ பெரியவர் துணையில்லாமல் யாரையும் அனுப்பக் கூடாது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குள் அனுப்பவே வேண்டாம். வீட்டுக் குப்பையை ஒரு வாரம் தரம் பிரித்து எடை போட்டாலே வேண்டியது கிடைக்கும்.

கண்காட்சியன்று அதிகாரிகளை மட்டும் அழைப்பதும் தவறுதான். பிள்ளைகள் பேட்டி எடுத்த மீனவரையும், வலை பின்னும் பாட்டியையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வையுங்கள். தாங்கள் சொன்னதைப் பிள்ளைகள் சரியாகக் குறித்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.