ராக்கெட் நேரலையை எப்படிப் பார்ப்பது?

இஸ்ரோவின் யூடியூப் நேரலையைக் கடைசி நிமிடத்தில் திறக்காதீர்கள், அரை மணி நேரம் முன்பே உட்காருங்கள். கிளம்பும்போது எல்லாரும் நெருப்பைத்தான் பார்ப்பார்கள், சரி, அது அழகுதான், ஆனால் அப்புறம் திரையில் வரும் வளைகோட்டை விட்டுவிடாதீர்கள்: திட்டமிட்ட பாதையை ஒட்டியே நிஜப் பாதையும் மெல்ல ஊர்ந்து ஏற, 'நார்மல்' என்று குரல் வரும்போதுதான் எனக்கு மூச்சே வரும். நெருப்பு மறைந்ததும் மூடிவிடாதீர்கள். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 ராக்கெட்டிலிருந்து பிரிந்தது கிளம்பிச் சுமார் 16 நிமிடம் கழித்து. கட்டுப்பாட்டு அறையின் கைதட்டலும் முகங்களும் அப்போதுதான்.

சென்னை மொட்டை மாடியில் நிற்பவர்கள் போனை நம்பாதீர்கள். நேரலை சில விநாடிகள் பிந்தித்தான் வரும். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ராக்கெட் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டா இருக்கும் வடக்கே திரும்பி நில்லுங்கள்.