கோமாளி கில்லி மீன்: தொட்டி அமைப்பது முதல் குஞ்சு எடுப்பது வரை

எபிபிளாட்டிஸ் அனுலேட்டஸ் என்பது கோமாளி கில்லியின் அறிவியல் பெயர். இந்தச் சிறு மீனின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. கினி, சியரா லியோன், லைபீரியா நாடுகளின் சதுப்புகளிலும் மெல்ல ஓடும் ஓடைகளிலும் வாழ்கிறது. நன்கு வளர்ந்தாலும் 4 செ.மீ.க்கு மேல் போகாது. வெளிறிய உடலில் அகலமான கரும்பட்டைகள் இருக்கும். ஆணின் வாலில் நீலமும் சிவப்பும் நீண்டிருக்கும். பெண்ணின் வாலில் நிறம் இருக்காது. இது எப்போதும் நீரின் மேல்மட்டத்திலேயே இருக்கும் மீன். கீழே சொல்லும் ஒவ்வொன்றும் அந்தக் குணத்தை ஒட்டியதுதான்.

1. தொட்டி

ஆறு முதல் எட்டு மீன்களுக்கு 30 லிட்டர் தொட்டி போதும். ஆழத்தைவிடப் பரப்புதான் முக்கியம், 20 செ.மீ. ஆழத் தண்ணீரே தாராளம். இவை தாவும். வயர் நுழையும் சின்ன இடைவெளி வழியாகக்கூட வெளியே விழுந்துவிடும், எனவே மூடியில் உள்ள எல்லா ஓட்டையையும் பஞ்சால் அடையுங்கள்.

வடிகட்டியாக ஸ்பாஞ்ச் ஃபில்டர் (காற்றால் இயங்கும் பஞ்சு வடிகட்டி) வையுங்கள். காற்றுக் குழாயில் வால்வு போட்டு, குமிழி ஒவ்வொன்றாக வரும் அளவுக்குக் குறையுங்கள். மேற்பரப்பு அலைந்துகொண்டே இருந்தால் மீன்கள் மூலையில் ஒதுங்கி, இரை எடுக்காமல் மெலியும். சால்வீனியா, ரிச்சியா போன்ற மிதக்கும் செடிகளால் பரப்பில் பாதியை மூடுங்கள். அடியில் சில காய்ந்த வாதாம் இலைகளைப் போடலாம்.

மீன் விடுவதற்கு முன் தொட்டியில் நன்மை செய்யும் பாக்டீரியா வளர்ந்து, மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்ட வேண்டும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவசரப்படாதீர்கள்.

2. தண்ணீர்

வெப்பநிலை 23 முதல் 26 டிகிரி செல்சியஸ், பிஎச் (அமில-கார அளவு) 6 முதல் 7. தண்ணீர் மென்மையாக, அதாவது கரைந்த தாது உப்பு குறைவாக, இருக்க வேண்டும். கடினமான நீராக இருந்தால் ஆர்ஓ இயந்திரத்தில் சுத்திகரித்த நீரைக் கலந்து குறைக்கலாம். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். புதுத் தண்ணீரைக் குளோரின் நீக்கி, மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

3. இரை

வாய் மேல்நோக்கி இருப்பதால் அடியில் விழுந்ததை இவை அனேகமாகத் தொடாது. அப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சிறு இறால் போன்ற உயிரி), மொய்னா (நன்னீரில் வாழும் சிறு நீர்த்தெள்ளு), சிறிய கொசுப்புழு, இறக்கையற்ற பழ ஈ ஆகியவை ஏற்றவை. ஆர்ட்டீமியாவை உப்பு போக அலசி, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவே போடுங்கள். அது நன்னீரில் சில மணி நேரத்தில் செத்துவிடும். மிச்சம் அழுகினால் தண்ணீர் கெடும், வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய் தலைகாட்டும். டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். உடலில் பொன்னிறத் தூள் தெரிந்தால் அந்த நோய்தான்.

4. முட்டையிட விடுதல்

பெற்றோர் தொட்டியிலேயே குஞ்சு தானாக வரும். ஆனால் முன்னால் பொரித்தவை பின்னால் பொரித்தவற்றைத் தின்னும். தொடங்குபவர்களுக்குத் தனித்தொட்டி முறைதான் நல்லது.

10 லிட்டர் பாத்திரத்தில் பெரிய தொட்டியின் தண்ணீரையே ஊற்றி, ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசியும் மிதக்கும் செடியும் அடர்த்தியாக வையுங்கள். ஒரு வாரம் உயிருள்ள இரை கொடுத்துத் தேற்றிய ஓர் ஆணையும் இரண்டு பெண்களையும் விடுங்கள். பெண் தினமும் சில முட்டைகளை மட்டுமே செடியில் ஒட்டவைக்கும். எட்டாம் நாள் பெரியவற்றை எடுத்துவிடுங்கள். 25 டிகிரியில் முட்டை பொரிய ஏறத்தாழ 9 முதல் 12 நாள் ஆகும்.

5. குஞ்சுகளின் முதல் இரை

பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். பொரித்த குஞ்சின் வாயில் ஆர்ட்டீமியா நுழையாது. முட்டை பொரிந்தபின் இன்ஃபுசோரியா (நீரில் வாழும் நுண்ணுயிர்கள்) தயாரிக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும், எனவே பெற்றோரை விடும் நாளிலேயே தொடங்குங்கள்.

ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் தொட்டி நீரை நிரப்பி, வெந்நீரில் வதக்கிய கட்டைவிரல் அகல லெட்டூஸ் இலையையும் சிறிது மாஸையும் போடுங்கள். மெல்லிய துணியால் வாயை மூடி வெளிச்சத்தில் வையுங்கள், நேரடி வெயில் வேண்டாம். முதலில் பால்போலக் கலங்கும். அது பாக்டீரியா. சில நாளில் தெளியும்போது, குடுவையை விளக்குக்கு எதிரே பிடித்தால் வெண்தூசி போன்ற புள்ளிகள் நகர்வது தெரியும். இனிக் கொடுக்கலாம். பிணநாற்றம் அடித்தால் கொட்டிவிட்டு, இலையைக் குறைத்து மறுபடி வையுங்கள். நான்கு நாளுக்கு ஒரு குடுவை புதிதாகத் தொடங்கினால் இடைவெளி விழாது.

பிப்பெட்டால் 20 மி.லி. எடுத்து, காலையும் மாலையும் செடிகளுக்கிடையே விடுங்கள். மைக்ரோ வார்ம் என்ற நுண்புழு அடியில் போய்விடும், மேலே நிற்கும் குஞ்சுக்கு எட்டாது. வினிகரில் வளரும் வினிகர் புழு நீரில் நீந்திக்கொண்டே இருப்பதால் அதுவே நல்லது. வடிகட்டி, புளிப்பு போகக் கழுவிக் கொடுங்கள்.

ஒரு வாரம் பத்து நாளில் ஆர்ட்டீமியாவைச் சிறிது கொடுத்துப் பாருங்கள். வயிறு ஆரஞ்சு நிறமானால் தின்னத் தொடங்கிவிட்டது. நிறம் மாறாத குஞ்சுகளுக்காக இன்ஃபுசோரியாவைத் தொடருங்கள்.

6. வளர்த்தெடுத்தல்

வலையால் பிடித்தால் குஞ்சு நசுங்கும். கரண்டியால் தண்ணீரோடு அள்ளுங்கள். தினமும் பத்தில் ஒரு பங்கு நீரைக் காற்றுக் குழாயால் உறிஞ்சி மாற்றுங்கள். வாரம் ஒருமுறை அளவுவாரியாகப் பிரியுங்கள். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், அதற்காக இரையை அள்ளிப் போடாதீர்கள். 2 செ.மீ. ஆனதும் பெரியவற்றோடு சேர்க்கலாம்.